‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் அமெரிக்கக் கோடீஸ்வர விமானி ஹோவர்ட் ஹியூஸைக் காட்டியிருக்கும் விதம் சரியா?

நீங்கள் கேட்பது, 1993 டிசம்பரில் ஒளிபரப்பான ஐந்தாவது சீசன் அத்தியாயத்தைப் பற்றி என்று நினைக்கிறேன். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் ஊரில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கிறார். பணம் கொட்டக் கொட்ட, மனிதர் அறைக்குள் முடங்கிப்போகிறார். தலைமுடியும் தாடியும் நகமும் கண்டபடி வளர்ந்துகிடக்கின்றன. செருப்புக்குப் பதிலாகக் காலில் டிஷ்யூ காகிதப் பெட்டிகள். எதைப் பார்த்தாலும் கிருமி என்று நடுங்குகிறார். பாத்திரத்தின் பெயர் பர்ன்ஸ்தான். ஆனாலும் ஹியூஸின் கதை தெரிந்தவர்களுக்கு அது யாரென்று அந்த நொடியே விளங்கிவிடும்.

விமானத்தை வைத்துச் செய்த கேலியை நான் மனம்விட்டு ரசித்தேன். நோயை வைத்துச் செய்ததை ரசிக்க முடியவில்லை.

விமானக் காட்சி இதுதான். பர்ன்ஸ் ஒரு குட்டி மர விமானத்தைத் தன் உதவியாளர் ஸ்மித்தர்ஸிடம் காட்டி, இது 200 பயணிகளை நியூயார்க்கின் ஐடில்வைல்ட் விமான நிலையத்திலிருந்து பெல்ஜியன் காங்கோவுக்கு 17 நிமிடத்தில் கொண்டுசேர்க்கும் என்கிறார். “மாதிரி விமானம் அழகாக இருக்கிறது ஐயா” என்கிறார் ஸ்மித்தர்ஸ். “மாதிரியா?” என்று விழிக்கிறார் பர்ன்ஸ். பிறகு, கைக்குள் அடங்கும் அந்தப் பொம்மைக்குள் ஏறி உட்காரச் சொல்லித் துப்பாக்கியையும் நீட்டுகிறார்! பெல்ஜியன் காங்கோ 1960-லேயே விடுதலை பெற்றுவிட்டது; ஐடில்வைல்டுக்கு 1963-ல் கென்னடியின் பெயரை வைத்துவிட்டார்கள். பர்ன்ஸின் தலைக்குள் இருக்கும் உலக வரைபடம் எத்தனை பழையது என்பதை இரண்டே ஊர்ப் பெயர்களில் சொல்லிவிட்ட அந்த எழுத்துக்கு என் வணக்கம்.

அந்தப் பொம்மையின் பெயர் ‘ஸ்ப்ரூஸ் மூஸ்’. தண்ணீரிலிருந்து கிளம்பும் ஹியூஸின் எச்-4 ஹெர்குலிஸ் விமானத்துக்குப் பத்திரிகைகள் வைத்த ‘ஸ்ப்ரூஸ் கூஸ்’ என்ற பட்டப்பெயரை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது. ஸ்ப்ரூஸ் மரத்தாலான வாத்து என்று பொருள். ஹியூஸுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. விமானத்தில் பெரும்பகுதி பிர்ச் மரம்தான். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் மரத்தில் கட்டினார்கள். 8 எஞ்சின்கள், 97 மீட்டருக்கும் மேல் நீளும் இறக்கை, 750 படைவீரர்களை ஏற்றிச் செல்லும் திட்டம். கட்டி முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. அரசுப் பணம் வீணானதா என்று 1947-ல் செனட் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. இந்த விமானம் தோற்றால் நாட்டை விட்டே போய்விடுவேன் என்று அங்கே சொன்னார்.

இப்போது டிஷ்யூ பெட்டி மாட்டிய அந்தக் காலுக்கு வருகிறேன். என் பெரியம்மா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் மூன்று முறை கை கழுவுவார். கழுவிய கையால் குழாயை மூட வேண்டுமே, அதனால் மறுபடியும் கழுவுவார். விரலிடுக்குகளில் தோல் வெடித்து, ரசம் பட்டாலே எரியும். வீட்டில் எல்லோரும் ‘சுத்தக்காரி’ என்று கூப்பிட்டுச் சிரிப்போம், நானும்தான். ஒரு நாள், “கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா கண்ணா? விட முடியவில்லையே” என்றார். அதன் பிறகு நான் சிரித்ததில்லை. எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர் பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தபோது பெரியம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

ஹியூஸுக்கும் இந்த நோய்தான் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் மறைவுக்குப் பின் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்களின் முடிவு. பழ டப்பா ஒன்றைத் திறப்பதற்கு ஊழியர்கள் அதன் லேபிளை எப்படி அகற்ற வேண்டும், எப்படித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றெல்லாம் படிப்படியாக எழுதிக் கொடுத்தவர் அவர். போதாக்குறைக்கு, 1946-ல் தானே சோதனை ஓட்டம் நடத்திய எக்ஸ்எஃப்-11 விமானம் பெவர்லி ஹில்ஸ் வீடுகள் மேல் விழுந்து எலும்புகள் நொறுங்கின. அந்த வலிக்குக் கொடுத்த மருந்து கடைசிவரை அவரை விடவில்லை. 1976 ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து ஹூஸ்டன் போகும் வழியில், விமானத்திலேயே உயிர் பிரிந்தது. அடையாளம் தெரியாத அளவுக்கு உடல் மெலிந்திருந்ததால் கைரேகையை வைத்துத்தான் உறுதிசெய்தார்கள். காலில் பெட்டியோடு பர்ன்ஸ் நடக்கும்போது எனக்கு இதெல்லாம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த அத்தியாயத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நகமும் பெட்டியும்தான் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். 1935-ல் எச்-1 விமானத்தில் மணிக்கு 567 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, தரையிலிருந்து கிளம்பும் விமானங்களில் உலக சாதனை படைத்தவர் அவர். எரிபொருள் தீர்ந்து பீட்ரூட் வயலில் இறங்கிய பிறகும் அடுத்து எப்படி வேகத்தைக் கூட்டுவது என்றுதான் யோசித்தாராம். 1938-ல் நால்வரோடு உலகைச் சுற்றிவர அவருக்கு ஆனது 91 மணி நேரம். பொம்மையை விமானம் என்று நம்பும் கிழவர் அல்ல அவர். தான் கட்டியதில் தானே ஏறி உட்கார்ந்தவர்.

அந்த எச்-4 மர விமானத்தை 1947 நவம்பர் 2 அன்று எடுத்த படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். இடம் லாங் பீச் துறைமுகம். தண்ணீரில் ஓட்டிப் பார்க்கிறோம் என்றுதான் செய்தியாளர்களை அழைத்திருந்தார். இரண்டு ஓட்டம் முடிந்ததும், செய்தி அனுப்பும் அவசரத்தில் சிலர் இறங்கிவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்நமாரா என்ற வானொலிச் செய்தியாளர் ஒலிவாங்கியோடு உள்ளேயே இருந்தார். மூன்றாவது ஓட்டத்தில் அடிப்பாகத்தைச் சுற்றிச் சீறிக்கொண்டிருந்த நுரை சட்டென்று அறுபடுகிறது. விமானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. ஏறத்தாழ 21 மீட்டர் உயரம், 1 நிமிடம்கூட இல்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தது ஹியூஸ்.