பிஸ்கட்டைக் காட்டினால்தான் நாய் வருகிறது என்றால்

காட்டிக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். வெறுங்கையோடு கூப்பிட்டு, வந்த பிறகு எங்கிருந்தாவது எடுத்துக் கொடுங்கள். முன்னால் நீட்டினால் அது லஞ்சம். வேலை முடிந்தபின் கொடுப்பதுதான் கூலி. 'கையில் ஒன்றும் இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை' என்கிறீர்கள். வெறுங்கை என்றால் ஒன்றும் கிடைக்காது என்பதை உங்கள் நாய் சரியாகத்தான் கற்றிருக்கிறது.

வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். வேகவைத்த கோழித் துண்டை அலமாரிமேல் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். வந்த நொடியே 'சபாஷ்' சொல்லி, இருவருமாக அலமாரிக்குப் போய்க் கொடுங்கள். வரவே இல்லையா? அப்படியானால் நீங்கள் கூப்பிடும் சொல்லே அதற்குப் பழகவில்லை. இரண்டடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் வந்து தெருவில் வராவிட்டால், தெருவின் வாசனைக்கு முன் பிஸ்கட் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

நன்றாகப் பழகிய பிறகு, சில முறை மட்டும் கொடுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு பழக்கத்தை நீண்ட நாள் தாங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. அப்புறம், குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ கூப்பிடாதீர்கள்.

படம் வரையும் மகனுக்கும் இதே வழியா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே கொஞ்சம் கவனம். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்ததை 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. தானே விரும்பிச் செய்வதற்குப் பேரம் வேண்டாம். பல் தேய்க்க வைக்க வேண்டுமானால் சரி.

நாய்க்குச் சாக்லேட்டும் திராட்சையும் கூடவே கூடாது, இரண்டும் நஞ்சு.