கட்டணம் கட்டுவதற்கு முன்: ஐடி சான்றிதழ் பயிற்சி குறித்து வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 31. எஸ்பிஎம் முடித்துவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக வேலை செய்கிறேன். ஐடி துறைக்கு மாற ஆசை. ஈப்போவில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாதத்தில் நான்கு சான்றிதழ், சைபர் செக்யூரிட்டி வேலைக்கு உத்தரவாதம் என்கிறது. கட்டணம் 6,800 ரிங்கிட். இந்த வாரத்துக்குள் முழுவதும் கட்டினால் 1,000 ரிங்கிட் தள்ளுபடியாம். சேரலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். நல்ல மையம் என்றால் அடுத்த மாதமும் உங்களைச் சேர்த்துக்கொள்ளும்.

முதலில், அந்த நான்கு சான்றிதழையும் கொடுப்பது யார் என்று கேளுங்கள். மையமே அச்சடித்துக் கொடுக்கும் ‘பயிற்சி நிறைவு’ சான்றிதழ் ஒரு ரகம். கம்ப்டியா, சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் தேர்வு வைத்துக் கொடுப்பது இன்னொரு ரகம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது இந்த இரண்டாவதைத்தான். நான்கில் மூன்று மையமே அச்சடித்ததாக இருந்தால் கணக்கே மாறிவிடும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேர்வு எண்ணை எழுதி வாங்குங்கள். கணினிப் பராமரிப்புக்கான அடிப்படைச் சான்றிதழான கம்ப்டியா ஏ பிளஸ் என்றால் இரண்டு தாள்: 220-1201, 220-1202. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். இதற்கு முந்தைய 220-1101, 220-1102 தாள்கள் 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. மையம் இன்னும் அந்தப் பழைய புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தினால், படித்ததில் ஒரு பகுதி தேர்வில் வராது. வருகிற சில பகுதிகளை நீங்கள் படித்திருக்கவே மாட்டீர்கள். நெட்வொர்க் சான்றிதழான சிஸ்கோ சிசிஎன்ஏ-வின் எண் 200-301. எண்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதால், நடப்பில் உள்ளது எது என்று அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சைபர் செக்யூரிட்டிக்கு நேராகத் தாவுவதை நான் ஏற்கமாட்டேன். ஐபி முகவரி, ரவுட்டர், விண்டோஸ் பயனர் உரிமை இவையெல்லாம் கைவராதவருக்குப் பாதுகாப்புப் பாடம் வெறும் மனப்பாடமாகத்தான் முடியும். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். ஏ பிளஸ், பிறகு கம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் அல்லது சிஸ்கோவின் சிசிஎன்ஏ, அதற்குப் பிறகு கம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் என்று போவதே சரியான வரிசை. முதல் வேலை பெரும்பாலும் கணினிப் புகார்களைக் கேட்டுத் தீர்க்கும் ஹெல்ப்டெஸ்க்காக இருக்கும்: ஷிப்ட் நேரம், தொலைபேசியில் ஆங்கிலமும் மலாயும், ஒவ்வொரு புகாருக்கும் தெளிவான பதிவு. ஸ்டோர் கணக்கைப் பிசகாமல் எழுதிப் பழகிய கைக்கு இந்தக் கடைசி வேலை எளிதாக வரும். அதை உங்கள் விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

இனி பணம். 6,800 ரிங்கிட்டில் தேர்வுக் கட்டணம் அடங்குமா? இதைக் கேட்காமல் கட்டியவர்கள்தான் பிற்பாடு திண்டாடுகிறார்கள். சிசிஎன்ஏ தேர்வுக்கு மட்டும் 300 அமெரிக்க டாலர். ஏ பிளஸுக்கு இரண்டு தாளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். மறுதேர்வு வவுச்சர் (கட்டணம் முன்பே கட்டப்பட்ட தேர்வுச் சீட்டு) உண்டா என்பதையும் கேளுங்கள். வவுச்சருக்குக் காலாவதி நாள் இருக்கும். அதை வகுப்பு தொடங்கும்போதே வாங்கித் தருகிறார்களா, படித்து முடித்த பிறகா என்பதும் முக்கியம். முன்னதாகவே தந்துவிட்டால், இடையில் ஒரு தடங்கல் வந்தாலும் வவுச்சர் வீணாகப் போகலாம்.

தரத்தை அளக்க ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பயிற்றுநர் ஸ்லைடு வாசிக்கிறாரா, மாணவர் கையில் கேபிளும் ரவுட்டரும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பாடம் நடத்துபவர் அந்தச் சான்றிதழை வைத்திருக்கிறாரா என்பதைக் சான்றிதழ்களை இணையத்தில் காட்டும் கிரெட்லி தளத்தின் இணைப்பு வழியாகச் சரிபார்க்கலாம். வைத்திருப்பவர் இணைப்பை அனுப்பத் தயங்கமாட்டார். ‘நூற்றுக்குத் தொண்ணூறு தேர்ச்சி’ என்றால், சேர்ந்தவர்களில் தொண்ணூறா, தேர்வு எழுதியவர்களில் தொண்ணூறா என்று கேளுங்கள். இருபது பேர் சேர்ந்து பத்துப் பேர் மட்டும் எழுதி ஒன்பது பேர் தேறினாலும் தொண்ணூறுதான் வரும். வேலை உத்தரவாதம் என்பது பல இடங்களில் நேர்முகத்துக்கு ஏற்பாடு செய்வதோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதுதான் செல்லும்.

தேர்வுக் கேள்விகளை அப்படியே தருகிறோம் என்று சொல்லும் மையத்தை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். களவாடிய கேள்வித்தாளில் படித்தது தெரிந்தால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி தேர்வு எழுதவும் தடை போடுவார்கள்.

பணம் கட்டுமுன் ஒரு மாதம் வீட்டிலேயே முயன்று பாருங்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் தொடக்கப் பாடங்கள் இலவசம். நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருளும் இலவசம். அதில் இரண்டு ரவுட்டர், இரண்டு சுவிட்ச், நான்கு கணினி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போக வையுங்கள். பிறகு 192.168.10.0/24 என்ற, 256 முகவரி கொண்ட நெட்வொர்க்கைக் காகிதத்தில் நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் /26, ஒவ்வொன்றிலும் 64 முகவரி, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62. ஏன் இரண்டு குறைகிறது என்று நீங்களே விளக்க முடிந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். சலிப்புத் தட்டினால் 6,800 ரிங்கிட் மிச்சம்.

இதற்குப் பிறகும் சேர விருப்பம் என்றால் மாதத் தவணையில் கட்டுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மிக முக்கியமாக, கையில் வேலைக் கடிதம் வரும்வரை ஆலை வேலையை விடாதீர்கள்.

கேள்வி: நான் எஸ்டேட் வீட்டில் இருக்கிறேன். ஐடி சான்றிதழ்த் தேர்வை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்கிறார்கள். எழுதலாமா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: வசதி இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கண்காணிப்பாளர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையின் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேசை காலியாக இருக்க வேண்டும், யாரும் உள்ளே வரக் கூடாது. குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலே தேர்வு நிறுத்தப்படலாம். இணையம் மழைக்குத் துண்டிக்கப்பட்டால் அதற்கு வேறு அலைச்சல். ஒருநாள் விடுப்பு எடுத்துத் தேர்வு மையத்துக்கே போய் எழுதுங்கள்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம் தேவை. மைகார்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், பணமும் போகும். நம் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’, தந்தை பெயர் ஆகியவை முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டங்களில் குழப்பமாகவே விழும். தேர்வுத் தேதி எடுப்பதற்கு முன்பே பதிவுக் கணக்கில் உள்ள பெயரைப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். எத்தனை அடையாள ஆவணம் வேண்டும் என்பதையும் உறுதிக் கடிதத்தில் பாருங்கள்.

கேள்வி: ஐடி பயிற்சிக் கட்டணத்தை முதலாளி தரப்பில் கட்டவைக்க வழி உண்டா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்திலிருந்து பயிற்சிக்கு மானியம் கேட்கலாம். ஆனால் விண்ணப்பிப்பது நிறுவனம்தான்; அதுவும் வகுப்பு தொடங்குமுன். நீங்களாகக் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் நடக்காது. மையம் எச்ஆர்டி கோர்ப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் தற்போதைய பணிக்கு இந்தப் பயிற்சி எப்படி உதவும் என்று மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் 60 நாளுக்குள் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பித்தால் பயிற்சிக் கட்டண உதவியும் கேட்கலாம். தாமாக ராஜினாமா செய்தவர்களுக்கு அது கிடையாது.