வாராந்தப் பதிவு லிஸ்ட்வியூவில் ஒருதரம் மட்டும் தெரிவது பற்றி

கிளிநொச்சியில உழவு மெசின் பதிவுக்கு நீங்கள் எழுதின சி ஷார்ப் செயலியில, அவுட்லுக்கில ஒவ்வொரு செவ்வாயும் வாற முறை லிஸ்ட்வியூவில (திரையில வரிவரியாக் காட்டுற பட்டியலில) முதல் திகதியோட நிண்டுபோகுது எண்டு கேட்டிருந்தீங்கள். லிஸ்ட்வியூவில பிழையில்லை. திரும்பத் திரும்ப வாற சந்திப்பை அவுட்லுக் ஒரே பதிவாத்தான் வைச்சிருக்கும். விரிச்சுத் தரச்சொல்லி நாங்கள்தான் கேக்கவேணும்.

இதில ஒழுங்கு முக்கியம். முதல் ஐட்டம்ஸை, அதாவது அவுட்லுக் நாட்காட்டியில இருக்கிற பதிவுகளைத், தொடக்க நேரப்படி ஏறுவரிசையில சோர்ட் பண்ணுங்கோ. பிறகு, திரும்ப வாறதுகளை விரிக்கச்சொல்லுற இன்க்ளூட் ரிக்கரன்சஸை ட்ரூ ஆக்குங்கோ. அதுக்குப் பிறகுதான் ரெஸ்ட்ரிக்ட், அதாவது வடிகட்டுறது. அதில எந்தத் திகதியிலயிருந்து எது வரை எண்டு கட்டாயம் போடுங்கோ. இல்லாட்டி முடிவுத் திகதி இல்லாத பதிவு இரணைமடுக் குளம் வான் பாய்ஞ்ச மாதிரி நிக்காமல் வரும். வடிகட்டுற திகதியில செக்கன் வேண்டாம். கவுண்டை (எத்தினை பதிவு எண்ட எண்ணிக்கையை) நம்பி லூப் ஓட்டாதேங்கோ, ஒவ்வொண்டா எடுக்கிற ஃபோர் ஈச் காணும்.

நீங்கள் கேக்காத ஒண்டு: திகதி நிரலை அடுக்கேக்க 10/2 போய் 9/2க்கு முன்னால நிக்கும், ஏனெண்டால் அது எழுத்தாத்தான் ஒப்பிடுது. ஒவ்வொரு வரியின்ர டாக்கிலயும் (வரியோட சேத்து வைக்கிற, திரையில தெரியாத இடம்) உண்மையான டேட்டைமை, அதாவது எழுத்தாயில்லாத திகதி நேரத்தை, வைச்சு, அதை ஒப்பிடுற வகுப்பொண்டை வரிகளை அடுக்கிற லிஸ்ட்வியூ ஐட்டம் சோர்ட்டருக்குக் குடுங்கோ.