வகுப்பறையில் மாணவர்களின் படைப்பாற்றலை எப்படி ஊக்குவிப்பது?

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். பி.எட். படிப்பில் சொன்ன சார்ட், கலர் பேப்பர் எல்லாம் செய்து அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள். நான் வேலூர்ப் பக்கம், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று 5 மதிப்பெண் கேள்வி உண்டு. ஒரு படம் கொடுப்பார்கள்; பார்த்ததும் தோன்றுவதை எழுத வேண்டும். பிள்ளையின் சொந்தச் சரக்குக்கென்றே விட்ட இடம். அதற்கும் ரெடிமேடாக நாலு வரி மனப்பாடம் செய்ய வைக்கிறோம்! மரம் வெட்டும் படம் வந்தாலும் அதே வரி, ரயில் வந்தாலும் அதே வரி. மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது. அப்புறம் எவன் யோசிப்பான்?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மணல், கிரிக்கெட் ஆடுகிற இடம். கரை முட்டத் தண்ணீர் போவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. மழை லீவு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில், "பாலத்துல நின்னு பாத்ததை எழுதுங்க. பேசுற மாதிரியே எழுதலாம், பிழை பார்க்க மாட்டேன்" என்றேன். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் 'சலசலவென ஓடும் நதியே' என்று ஆரம்பித்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுதியது இது:

"எங்க பிட்ச் போச்சு. ஸ்டம்ப் நட்ட எடத்துல தண்ணி சுத்துது. தாத்தா செருப்ப கழட்டிட்டு ஆத்த கும்பிட்டாரு. நானும் கழட்டினேன். பந்து எங்க போயிருக்கும்னு பாத்துனு இருந்தேன்."

செருப்பைக் கழற்றியது எந்த கைடில் இருக்கிறது? பெயர் சொல்லாமல் வகுப்பில் படித்துக் காட்டினேன். 'சலசல' கோஷ்டி தானாகவே தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு பெண், பீடி முறத்தோடு பாலத்துக்கு ஓடிவந்த தன் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள்.

உடன் வேலை பார்க்கும் ஒருவர், "ஸ்டம்ப், பிட்ச்சுக்கெல்லாம் மார்க் போட்டா தமிழ் உருப்படுமா சார்?" என்றார். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுவது பாடத்திலேயே இருக்கிற பயிற்சிதானே. அந்தப் பையனின் வரிகளையே கரும்பலகையில் எழுதி மாற்றச் சொன்னேன். 'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பதில் ஒற்று எங்கே வரும் என்று அன்றைக்குச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

உடனே 'மனப்பாடமே வேண்டாமா' என்று கமெண்ட்டில் வருவார்கள். திருக்குறளை மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்வது? நான் அதைச் சொல்லவில்லை. தேர்ச்சி விகிதம் பற்றிப் பாடம் எடுக்கவும் யாரும் வர வேண்டாம், அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்பவன் நான்.

இதில் ஓவிய ஆசிரியர்களின் கதை தனி. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் நிரந்தரம் ஆகவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, அதிகாரி வருகிறார் என்றால் வரவேற்புப் பலகை எழுதுவதுதான் வேலை. அவருடைய பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வார்கள். பிறகு படைப்பாற்றலுக்குப் பயிற்சி முகாம், டீ, பிஸ்கட்!

உங்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் பிள்ளைகள் கண்ணால் பார்த்த, கைடு போடுகிறவர் பார்க்காத விஷயத்தைக் கேளுங்கள். முதல் தடவை சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். எட்டு, ஒன்பதில் செய்யுங்கள். பத்தில் ஜனவரிக்கு மேல் முயற்சி வேண்டாம்; திருப்புதல் தேர்வு ஆரம்பித்துவிட்டால் தலைமையாசிரியர் விட மாட்டார், பெற்றோரும் விட மாட்டார்கள்.