ஃபுல் டவர் கேஸ், ஃபேன், காற்று: கேளுங்கள், சொல்கிறேன்

ஏர் கூலிங்குக்கென்றே, அதாவது ஃபேன் காற்றால் குளிர வைப்பதற்கென்றே, செய்த பெரிய கம்ப்யூட்டர் கேஸ்களைப் (பாகங்களை உள்ளே மாட்டும் பெட்டி) பற்றித் தனித்தனியாக ஒரே கேள்விக்குப் பத்து முறை பதில் எழுதி அலுத்துவிட்டதால், இன்று மொத்தமாக உட்கார்ந்திருக்கிறேன். பல வருஷமாக அடுத்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்து, ஷீட் விளிம்பில் விரலைக் கீறிக்கொண்டதுதான் என் தகுதி. வாட்டர் கூலிங் பற்றி வேறொரு நாள் பார்க்கலாம்.

கேள்வி: அண்ணா, ஃபுல் டவர் என்பதற்கு அளவு ஏதாவது இருக்கிறதா? என் மிட் டவரே முழங்காலுக்கு மேல் வருகிறது.

அளவு எதுவும் கிடையாது தம்பி. மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) உண்டு, ஏடிஎக்ஸ் என்ற அளவு என்றால் 305க்கு 244 மிமீ, ஈ-ஏடிஎக்ஸ் என்றால் அகலம் 330 மிமீ வரை போகும். கேஸுக்கு அப்படி யாரும் வரையறுத்து வைக்கவில்லை, ஃபுல் டவர் என்பது விற்பவர்கள் வைத்த பெயர்தான். உயரமாகவும் ஈ-ஏடிஎக்ஸ் போர்டு தாராளமாக உட்காரும்படியும் இருந்தால் அந்தப் பெயரைப் போட்டுவிடுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது மூன்றுதான்: முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய ஃபேன் உட்காரும், அந்த ஃபேனுக்கு முன்னால் என்ன அடைத்துக்கொண்டு நிற்கிறது, கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே எத்தனை விரல் இடம் மிச்சம்.

கேள்வி: கேஸ் பெரிதாக இருந்தால் உள்ளே நிறையக் காற்று இருக்கும், அதனால் சூடு குறையும் என்று ஒருவர் சொன்னார். சரியா சார்?

தப்பு, ஆனால் நிறையப் பேர் நம்புகிற தப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 லிட்டர் கொள்ளளவுள்ள கேஸ் என்றால் நல்ல பெரிய கேஸ். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஆக உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் 84 கிராம். அதை ஒரு டிகிரி சூடாக்க 84 ஜூல் சொச்சம் போதும். உங்கள் கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது 500 வாட் தின்கிறது, அதாவது நொடிக்கு 500 ஜூல். காற்று வெளியே போகாமல் அப்படியே நின்றால் நொடிக்கு ஆறு டிகிரி ஏறவேண்டும். தகடும் ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டு) கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறாது, ஆனால் உள்ளே இருக்கும் காற்றை நம்பி ஒன்றும் நடக்காது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கேஸ் எதையும் குளிர வைப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றைச் சூடான இடம் வரை கொண்டுபோய், சூட்டோடு வெளியே விடுவதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு: வாட்டை 1.76ஆல் பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறதோ (அதுதான் பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது) அதனால் வகுத்தால், உள்ளே போகும் காற்று வெளியே வரும்போது எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று வரும். 500 வாட்டுக்கு 50 சிஎஃப்எம் என்றால் கிட்டத்தட்ட 18 டிகிரி. 100 என்றால் 9. 200 என்றால் நாலரை. கவனியுங்கள், முதல் 50க்குப் பிறகு போட்ட அடுத்த 50 ஒன்பது டிகிரி இறக்கியது, அதற்குப் பிறகு நூறு போட்டும் நாலரைதான். எட்டாவது ஒன்பதாவது ஃபேன் மாட்டிவிட்டு "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று வருகிறவர்களுக்கு இதுதான் பதில்.

கேள்வி: என் கேஸில் முன்னால் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி. முன்னால் மூன்று 120 மிமீ ஃபேன், பின்னால் ஒன்று. கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரி. இன்னும் மூன்று ஃபேன் வாங்கி மேலே போடலாமா?

வாங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை, காசு செலவில்லை. இப்போது இருக்கிறபடியே ஒரே கேமை, ஒரே காட்சியில் 20 நிமிஷம் ஓடவிட்டுக் கார்டின் வெப்பத்தையும் அதன் ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து முன்பக்கப் பேனலை மட்டும் கழற்றிவிட்டு அதே 20 நிமிஷம். அப்புறம் பக்கவாட்டுக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு இன்னொரு 20. மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், பிறகு பேசுவோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம், முன்னாலும் பின்னாலும் தடையே இல்லாமல் வெட்டவெளியில் சுற்றும்போது அளந்தது. அதன் முன்னால் கண்ணாடியை வைத்து, ஓரத்தில் சுண்டுவிரல் நுழையாத இடுக்கு விட்டு, அதற்குள் நெருக்கமாக நெய்த ஒரு தூசி ஃபில்டரையும் செருகினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நானே தேர்ந்தெடுத்த கேஸ். முன்பக்க இடுக்கில் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், லேசாக ஆடியது, ஒட்டவில்லை. பேனலைக் கழற்றியதும் அதே கீற்று ஃபேனுக்கு முன்னால் இருந்த கம்பி வலையில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடச் சொன்னால் என்ன ஆகுமோ அதைத்தான் அந்த ஃபேன்களிடம் கேட்டிருந்தேன்.

கேள்வி: 200 மிமீ ஃபேன் இரண்டு நல்லதா, 140 மூன்று நல்லதா?

பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே நிறையக் காற்றைத் தள்ளும், அதனால் சத்தம் கம்மி. 2008இல் வந்த கூலர் மாஸ்டர் ஹாஃப் 932 கேஸை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள், முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று மூன்று 230 மிமீ ஃபேன். ஹாஃப் என்ற பெயரே அதிகக் காற்றோட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். பார்க்க ராணுவ வண்டி மாதிரி இருக்கும், வேலையும் அப்படித்தான் செய்யும்.

ஆனால் பெரிய ஃபேனில் ஒரு பலவீனம் உண்டு. மெல்லியதாகச் செய்த 200 மிமீ ஃபேன்கள் திறந்த மெஷ் (ஓட்டைகள் உள்ள வலை) முன்னால் இருக்கும் வரை நன்றாக இருக்கும், தடை வந்தால் மூச்சு வாங்கும், தள்ளும் அழுத்தம் அவற்றுக்குக் குறைவு. 2021இல் வந்த ஃபிராக்டல் டொரன்ட் கேஸில் இதற்குத்தான் இரண்டு 180 மிமீ ஃபேனை 38 மிமீ தடிமனில் செய்து போட்டார்கள், சாதாரண ஃபேன் 25 மிமீதான். பவர் சப்ளையையும் மேலே தூக்கிவிட்டு அடிப்பக்கம் முழுவதையும் காற்றுக்கு விட்டதால், கார்டுக்கு நேர் கீழிருந்து குளிர்ந்த காற்று கிடைக்கிறது. எனக்குப் பிடித்த வடிவமைப்பு.

இன்னொன்றும் யோசியுங்கள். 120, 140 என்றால் கெட்டுப்போனால் எதை வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். 200க்கு மேல் போனால் திருகு ஓட்டைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளந்து பார்க்காமல் வாங்கினால் கையில் வைத்துக்கொண்டு முழிக்கவேண்டியதுதான். மெஷ் முன்பக்கமும், கேஸோடு வரும் தடிமனான பெரிய ஃபேனும் என்றால் தயங்காதீர்கள். மற்றபடி 140 மூன்று.

கேள்வி: ஃபேனில் காற்று எந்தப் பக்கம் வரும்? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் இருக்கிற பக்கமாக வெளியே வரும். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும்.

கேள்வி: சூடான காற்று மேலே போகும்தானே? அதனால் மேலே மூன்று ஃபேனையும் வெளியே தள்ளும்படி வைத்தேன். சிபியு (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) வெப்பம் இரண்டு டிகிரி ஏறிவிட்டது!

சூடான காற்று மேலே போகும், உண்மைதான், ஆனால் ஃபேன் சுற்றும் கேஸுக்குள் அந்த இயல்பான ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை, மெதுவாகச் சுற்றும் ஃபேன்கூட அதை எந்தப் பக்கமும் திருப்பிவிடும். உங்களுக்கு நடந்தது இது: மேலே முன் ஓரமாக இருக்கும் ஃபேன், முன்பக்கத்திலிருந்து வரும் நல்ல காற்றை சிபியு கூலருக்குப் போய்ச் சேருமுன்பே உறிஞ்சி வெளியே விட்டுவிடுகிறது. அதைக் கழற்றுங்கள், அல்லது உள்ளே இழுக்கும்படி திருப்புங்கள். மேலே பின் ஓரத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, வெளியேற்றத்துக்கு இது போதும். சில்வர்ஸ்டோன் ரேவன் கேஸ்களில் மதர்போர்டையே 90 டிகிரி திருப்பி, அடியில் பெரிய ஃபேன்களை வைத்து நேராக மேலே தள்ளினார்கள். அது நன்றாக வேலை செய்ததற்கு முக்கியக் காரணம், காற்று எங்கும் திரும்பாமல் ஒரே நேர்கோட்டில் போனது.

கேள்வி: தூசி தாங்க முடியவில்லை. பாசிட்டிவ் பிரஷர் என்கிறார்களே, உள்ளே மூன்று வெளியே இரண்டு என்றால் வந்துவிடுமா?

பாசிட்டிவ் பிரஷர் என்றால் வெளியே தள்ளுவதைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளுவது. எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபில்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூன்று ஃபேன், தடையில்லாமல் வெளியே தள்ளும் இரண்டு ஃபேனுக்குத் தோற்றுப்போகலாம். பின்னால் கார்டு மாட்டும் இடத்தை மூடியிருக்கும் ஸ்லாட் மூடிகளின் ஓட்டைகளில் டிஷ்யூ கீற்றைப் பிடியுங்கள். வெளிப்பக்கமாகப் பறந்தால் பாசிட்டிவ். உள்ளே ஒட்டினால், ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசியோடு காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், பின்பக்க ஃபேனின் வேகத்தைக் குறையுங்கள். பாசிட்டிவ் என்பதால் தூசியே வராது என்பதில்லை, ஃபில்டரில் வந்து சேரும், அதைக் கழற்றிக் கழுவுவது உங்கள் வேலை. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கேள்வி: ஏழு ஃபேன், மதர்போர்டில் ஃபேன் வயரைச் செருகும் ஹெட்டர் மூன்றுதான். எல்லாவற்றையும் ஸ்ப்ளிட்டர் (ஒரு வயரைப் பலவாகப் பிரிப்பது) போட்டு ஒன்றில் சேர்க்கலாமா?

பொதுவாக ஒரு ஹெட்டர் ஒரு ஆம்பியர்தான் தாங்கும், 12 வாட். ஃபேன் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியர் எண் இருக்கும், கூட்டிப் பாருங்கள், நெருங்கி வந்தால் பவர் சப்ளையின் சாட்டா வயரிலிருந்து நேராக மின்சாரம் வாங்கும் ஹப் ஒன்று போடுங்கள். அதைவிட முக்கியமான விஷயம், கேஸ் ஃபேன்களை சிபியு வெப்பத்தோடு கட்டிவைக்காதீர்கள். ஒரு பிரௌசர் டேப் திறந்தாலே சிபியு நொடியில் 20 டிகிரி குதிக்கும், ஃபேன்களும் கூடவே ஊளையிட்டு அடங்கும். கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் என்றால் கார்டின் வெப்பத்தைப் பின்பற்றச் சொல்லுங்கள், அல்லது வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுங்கள்.

கேள்வி: சத்தம் குறையவேண்டும், ஆனால் காற்றும் குறையக்கூடாது.

இரண்டும் முழுதாகக் கிடைக்காது, பேரம் பேசலாம். 1200 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1200 சுற்று) இருக்கும் ஃபேனை 900க்கு இறக்கினால் காற்று கால் பங்கு குறையும், சத்தமோ ஆறு டெசிபல் அளவுக்கு இறங்கும். அதே மாதிரி இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும். அதனால் நிறைய ஃபேன், மெதுவான வேகம். பெரிய கேஸின் உண்மையான லாபமே இங்கேதான்.

கேள்வி: புதுக் கேஸ், புதுக் கூலர், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை சிபியு. ரெண்டர் (வீடியோ, 3டி படம் உருவாக்கும் கனமான வேலை) போட்டால் இன்னும் 95 டிகிரி. கேஸை மாற்றிவிடட்டுமா?

பாவம் கேஸ், அதை விடுங்கள். 2022இல் வந்த அந்த வரிசையில் பெரிய சிப்கள் முழு வேலையில் 95 வரை போய் நிற்கும்படியே செய்யப்பட்டவை, கூலர் நன்றாக இருந்தால் அதே 95இல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். கிளாக் (சிப் ஓடும் வேகம்) எவ்வளவு என்று பாருங்கள். அது எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கீழே கிடந்தால், கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒரு முறை கழற்றிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்தே மூன்று பேர்.

கேள்வி: கண்ணாடிக் கேஸ்காரன் திரும்ப வந்திருக்கிறேன். மூடியபடி 84. முன்பக்கம் கழற்றினால் 73. பக்கவாட்டையும் கழற்றினால் 72.

முன்பக்கம் திறந்ததும் பதினொன்று, பக்கவாட்டையும் திறந்த பிறகு ஒன்றுதான். அப்படியென்றால் உங்கள் ஃபேன்கள் போதும், பாதையும் சரி, வாயை மட்டும்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதே மாடலுக்கு மெஷ் முன்பக்கம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் கண்ணாடியைத் தாங்கும் குமிழ்களுக்கு அடியில் வாஷர் கொடுத்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள், பார்க்கக் கொஞ்சம் பல் துருத்திய மாதிரி இருக்கும், பரவாயில்லை. மாட்டிவிட்டு மறுபடி 20 நிமிஷம் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.