பெர்லின்ல டூர் பஸ் எடுக்காம சாதாரண டவுன் பஸ்லயே முக்கியமான இடங்களைப் பார்த்துட முடியுமா?

முடியும், நான் அப்படித்தான் பார்த்தேன். 100ம் நம்பர் பஸ். மேற்குப் பக்கம் ஜூ ஸ்டேஷன்ல கிளம்பி கிழக்க அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரைக்கும் போகும், டிராஃபிக் இல்லன்னா அரை மணி நேரம்தான். மைக்ல யாரும் விளக்கம் சொல்ல மாட்டாங்க, எனக்கு அது நிம்மதியாவே இருந்துச்சு.

கிளம்புற இடத்துலயே ஏறிடுங்க. டபுள் டெக்கர், மாடில முன் சீட்டுக்குத்தான் அடிதடி. முதல் பஸ்ல அது கிடைக்கலன்னு நான் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்னேன், கூட வந்த ஃப்ரெண்டு திட்டிட்டே இருந்தான், முன்னாடி போய் உக்காந்ததும் சத்தமே இல்ல.

கிளம்பின கையோட 1943 குண்டு வீச்சுல உச்சி உடைஞ்சு அப்படியே விட்டு வச்சிருக்கற கைசர் வில்ஹெல்ம் சர்ச் வரும், அப்புறம் டியர்கார்ட்டன் பார்க் மரங்களுக்குள்ள போயிட்டே இருக்கும்போது திடீர்னு 67 மீட்டர் வெற்றித் தூண் எதிர்ல வந்து நிக்கும், அடுத்து ஜனாதிபதி மாளிகை, நாடாளுமன்றம், உன்ட்டர் டென் லிண்டன் ரோடு, ஓபரா, கதீட்ரல், கடைசில 368 மீட்டர் டிவி டவர். பிராண்டன்பர்க் கேட்டுக்கு அடியில மட்டும் பஸ் போகாது, சுத்திட்டுப் போயிடும், அதைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்னா இறங்கித்தான் ஆகணும்.

இந்த ரூட்டுக்கே ஒரு கதை இருக்கு. 1990 அக்டோபர்ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாச்சு, அடுத்த மாசமே ஓட ஆரம்பிச்ச பஸ் இது, கிழக்கையும் மேற்கையும் சேர்த்த முதல் ரூட்டுகள்ல ஒண்ணு. ரெண்டு பக்கத்தையும் பிரிச்ச பெர்லின் சுவர் நாடாளுமன்றத்துக்குப் பின்னாடிதான் ஓடிச்சு. அந்த இடத்தைத் தாண்டுறப்போ கவனிக்கணும்னு நினைச்சிட்டே இருந்து ஃபோட்டோ எடுக்கற மும்முரத்துல கோட்டை விட்டுட்டேன், அதுக்காகவே மறுநாள் இன்னொரு தடவை போனேன்.

டிக்கெட் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. பெர்லின் நகரத்துக்குள்ள செல்லுற ஏபி ஸோன் டிக்கெட் போதும். ஒத்தை டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், நடுவுல இறங்கி ஏறலாம், ஆனா ஒரே திசையிலதான், அதே டிக்கெட்ல திரும்பி வர முடியாது. நிறைய பேர் மாட்டுறது இதுலதான். நாலஞ்சு எடத்துல இறங்குற ஐடியா இருந்தா 24 மணி நேர டிக்கெட் வாங்கிடுங்க. பேப்பர் டிக்கெட்னா ஏறினதும் மெஷின்ல ஸ்டாம்ப் அடிக்கணும், இல்லன்னா கையில டிக்கெட் இருந்தாலும் 60 யூரோ ஃபைன். செக்கிங் ஆளுங்க யூனிஃபார்ம்லதான் வருவாங்கன்னு இல்ல.

நாடாளுமன்றத்து கண்ணாடி டோம் மேல ஏற காசு கிடையாது, ஆன்லைன்ல முன்கூட்டியே பதிவு பண்ணிட்டுப் போங்க. திரும்புறப்போ 200ம் நம்பர் பிடிச்சா பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் வழியா அதே ஜூ ஸ்டேஷனுக்கு வந்துடும், பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டாம்.