சியானில் ஒரு பள்ளிவாசல் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சீனாவின் சியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசல் என்று நீங்கள் போட்டிருந்த படங்களைப் பார்த்தேன். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. வளைந்த ஓட்டுக்கூரையும் முகட்டில் டிராகனுமாக இருக்கிறது. ஏதோ புத்த விகாரையின் படம் தவறி வந்துவிட்டது என்கிறார்கள் வீட்டில். தொழுகைக்கூடத்தின் முகப்பு வேறு ஒரே இருட்டு. உள்பக்கம் ஒரு படம்கூட இல்லை. நவம்பரில் வேலையாக அங்கே போகிறேன். எப்போது போனால் நன்றாக எடுக்கலாம்?

எம்., கீழக்கரை

அன்புள்ள தம்பி,

படம் சரியானதுதான். இருட்டு மட்டும் என் தப்பு.

சீனக் கோயில்கள் பெரும்பாலும் தெற்கு பார்த்தவை. மாலை நான்கு மணிக்குப் போனாலும் முகப்பில் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும். அந்தக் கணக்கில்தான் போனேன். இங்கே ஐந்து முற்றங்களும் கிழக்கிலிருந்து மேற்காக, ஏறக்குறைய 250 மீட்டருக்கு ஒரே கோட்டில் ஓடுகின்றன. கூடம் மேற்குக் கோடியில். தொழும்போது நோக்கி நிற்கிற மக்கா திசை, கிப்லா, அந்தப் பக்கம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே. சாயங்கால வெயில் கூரைக்குப் பின்னாலிருந்து நேரே லென்ஸுக்குள் அடித்தது. கட்டிடம் கறுப்பாக விழுந்த பிறகுதான் இது பள்ளிவாசல் என்பது எனக்கு உறைத்தது. அந்தப் படத்தை அழிக்காமல் போட்டதும் அதற்காகத்தான். நீங்கள் காலை எட்டரை, ஒன்பதுக்குப் போங்கள்.

மினாராவும் உண்டு. முற்றங்களின் நடுவே எண்கோணத்தில், மூன்று கூரையடுக்குகளோடு நிற்கிற மரமண்டபம்தான் அது. பள்ளியை 742-இல் கட்டியதாக அங்குள்ள ஒரு கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டே பிற்காலத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இப்போது நாம் பார்க்கிற அமைப்பு 1392-இல், மிங் அரச வம்சத்தின் காலத்தில் தொடங்கியது.

கூரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சீன மரக்கட்டிடத்தில் அகலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், உள்ளாழத்தை நீட்டுவது கஷ்டம். கூரை மலைபோல் உயர்ந்துவிடும். தொழுகைக்கோ வரிசைக்குப் பின் வரிசை நிற்க ஆழம் வேண்டும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைகளை ஒட்டவைத்து, நடுவில் மழைநீருக்கு வடிகால் விட்டிருக்கிறார்கள். டிராகனைவிட எனக்கு அந்த வடிகால்தான் பிடித்தது. உங்கள் ஊர்ப் பழைய பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் சியான்காரரும் குவிமாடம் எங்கே என்றுதான் கேட்பார்.

குவிமாடம் இப்போது சீனாவில் சாதாரண விஷயமில்லை. 2018-இல் நிங்ஸியா தன்னாட்சிப் பகுதியின் வெய்ஜோவில் புதிய பெரிய பள்ளிவாசலை இடிக்கப்போவதாக அரசு அறிவித்ததும் ஊரே திரண்டு வளாகத்தில் உட்கார்ந்தது. இடிக்கவில்லை, பின்னால் குவிமாடங்களை எடுத்துவிட்டுச் சீனக் கூரை வைத்தார்கள். ஷினிங் நகரத்து டோங்குவான் பள்ளியிலும் 2021-இல் குவிமாடங்கள் போய்விட்டன. சியான் கூரை தொழுகையின் தேவைக்காக அமைந்தது. அதைக் காட்டி, மேலிடத்து உத்தரவில் வந்த கூரையையும் அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்குப் போகும் ஹுவாஜுவே சந்து முழுக்க சாவிக்கொத்துக் கடைகள். சீக்கிரம் கடந்துவிடுங்கள். சீன மொழி பேசும் ஹுயி முஸ்லிம்களின் அன்றாடத்தைப் பார்க்க மேற்கே ஸாஜின்ச்சியாவ் பக்கம் நடக்க வேண்டும். காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் ‘பாவ்மோ’ கடை ஒன்றில் உட்காருங்கள். கல் மாதிரி இரண்டு ரொட்டியும் ஒரு கிண்ணமும் கொடுப்பார்கள். நாமே பிய்த்துப் போட்டுக் கொடுத்தால் ஆட்டுச்சாற்றில் கொதிக்கவைத்துத் தருவார்கள். நான் பிய்த்ததை எட்டிப் பார்த்த பெரியவர், பேசாமல் ஒரு துண்டை எடுத்துத் தன் விரலில் பட்டாணியளவு கிள்ளிக் காட்டிவிட்டு, கிண்ணத்தை என் பக்கமே தள்ளினார். அரைமணி நேரம் பிய்த்தேன். அதற்குள் அந்தக் கடைவாசலில் போகிற வருகிற வெள்ளைத் தொப்பிகளுக்கெல்லாம் என் முகம் பழகிவிட்டது. பிறகு காமிராவைக் காட்டிக் கேட்டபோது பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்தான்.

உள்பக்கப் படம் இல்லாததற்குக் காரணம், முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கூடத்துக்குள் அனுமதி கிடையாது. குர்ஆன் முழுவதையும் அரபியிலும் சீனத்திலும் செதுக்கிய மரப்பலகைகள் உள்ளே சுவரெங்கும் இருக்கின்றன. நான் படியோடு சரி. நீங்கள் தொழப் போவீர்கள் அல்லவா, படம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த அரபி எழுத்தில் சீனத் தூரிகையின் சாயல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.